மதுரையில் சிறு கடைக்குத் தொழில் உரிமம்: முன்பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

மதுரை மாநகராட்சி எல்லைக்குள் முறுக்கு, சீவல், அதிரசம் சுட்டு விற்கும் சிறிய பலகாரக் கடை ஒன்றுக்கு 2024-இல் தொழில் உரிமம் வாங்கினேன். அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதில் முக்கால்வாசி, நான் வாடகைக்குப் பிடித்த கட்டடத்தின் காகிதங்களால் வந்த அலைச்சல். விண்ணப்பம் போடுவது என்னவோ ஒரு மாலைப்பொழுது வேலைதான். ஆகவே இந்த வழிகாட்டி படிவத்தில் தொடங்காமல் அதற்கும் வெகு முன்னால் தொடங்குகிறது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு முதல் இரண்டு பகுதிகளையும் படித்துவிடுங்கள்.

உணவுக் கடையை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். தையல் கடை, ஜெராக்ஸ் கடை, கைபேசி பழுதுபார்க்கும் கடை வைப்பவர்கள் 4-ஆம் பகுதியைத் தாண்டிப் போகலாம்; மற்றவை ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். தொகைகள் 2024-25 நிலவரம். கட்டும் நாளில் அந்தந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. கடை யாருடைய எல்லையில் இருக்கிறது?

சிரிக்காதீர்கள். "மதுரை" என்று முகவரி எழுதுகிற எல்லா இடமும் மாநகராட்சி அல்ல. 2011-இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருநகர், விளாங்குடி போன்றவை மாநகராட்சிக்குள் வந்து வார்டுகள் 100 ஆயின. ஆனால் விளாங்குடியைத் தாண்டினால் வரும் பரவை தனிப் பேரூராட்சி. ஒத்தக்கடை, கருப்பாயூரணி பக்கம் போனால் ஊராட்சி. சாலையின் இந்தப் பக்கம் ஒரு நிர்வாகம், அந்தப் பக்கம் வேறு நிர்வாகம் என்று இருக்கிற இடங்களும் உண்டு. புறநகர்ப் பகுதிகளை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சும் அவ்வப்போது கிளம்பும். பக்கத்துக் கடைக்காரரைக் கேட்பதைவிடக் கட்டடத்தின் கடைசி வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் போக வேண்டிய இடம்.

மாநகராட்சி என்றால் 5 மண்டலங்கள். தல்லாகுளத்தில் அறிஞர் அண்ணா மாளிகை தலைமை அலுவலகம். ஆனாலும் உங்கள் காரியம் பெரும்பாலும் உங்கள் மண்டல அலுவலகத்தில்தான் நடக்கும். நேராகத் தல்லாகுளம் போய் வரிசையில் நின்று, "உங்கள் மண்டலத்துக்குப் போங்கள்" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

வார்டு எண்ணிலும் ஒரு சிக்கல். 2022 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகளை மறுவரையறை செய்தபோது எண்கள் மாறின. கட்டடக்காரரிடம் இருக்கும் பழைய ரசீதில் பழைய எண் இருக்கும். விண்ணப்பத்தில் புதிய எண் வேண்டும். கதவு எண்ணும் இப்படித்தான். பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணங்கள் எல்லாவற்றிலும் முகவரி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் "12ஏ", இன்னொன்றில் "12/1" என்று இருந்தால் அங்கேயே ஒரு கேள்வி எழும்.

2. வீட்டு வரி ரசீதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கடை பார்க்கப் போகிறவர்கள் வாடகை, முன்பணம், தண்ணீர் வசதி, எதிரில் பஸ் நிறுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சொத்து வரி ரசீதைக் கேட்பதில்லை. கேட்டால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம். கோபித்துக்கொண்டால் அந்தக் கடை வேண்டாம், அவ்வளவுதான். ரசீதில் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பெயர். சிம்மக்கல், மாசி வீதிகள், செல்லூர், முனிச்சாலை என்று பழைய பகுதிகளில் வரி ரசீது இன்னும் தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வரியை மட்டும் யாராவது ஒரு பேரன் கட்டிவிடுவார். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் ஒருவர், வரி ரசீதில் இருப்பவர் காலமாகிவிட்ட இன்னொருவர். உரிமம் கொடுக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இவர் யார், அவருக்கு இவர் என்ன உறவு?" என்பது. பெயர் மாற்றம் முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் அனைவரின் சம்மதக் கடிதம் எல்லாம் வேண்டும். ஒரு வாரிசு சிங்கப்பூரில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னுடைய வீட்டுக்கார அம்மாவுக்குக் கொழுந்தனார் இருவர். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அந்தக் கையெழுத்துகளுக்காக நான் ஏறி இறங்கிய படிகளைக் கொண்டு யானைமலை ஏறியிருக்கலாம்.

இரண்டாவது, நிலுவை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். நடப்பு அரையாண்டு வரை கட்டியிருக்க வேண்டும். தண்ணீர்க் கட்டணமும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும் அப்படித்தான். வரி விதிப்பு எண் கிடைத்தால் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 'டிஎன் அர்பன் இபே' இணையதளத்தில் நீங்களே நிலுவையைப் பார்க்கலாம். வீட்டுக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. நிலுவை இருந்தால், அதை முன்பணத்தில் கழித்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு நீங்களே கட்டிவிடுவது பல நேரங்களில் வேகமான வழி. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள், அந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதையும் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். சிலருக்கு அது உறைக்கும்.

மூன்றாவது, பயன்பாடு. பெரிய வில்லங்கம் இதில்தான். வரி ரசீதில் "குடியிருப்பு" என்று இருக்கும். தெருவைப் பார்த்த முன்னறையில் ஷட்டர் போட்டுக் கடையாக வாடகைக்கு விடுவார்கள். வணிகப் பயன்பாட்டுக்கு வரி விகிதம் அதிகம். நீங்கள் உரிமத்துக்கு விண்ணப்பித்ததும் அந்த அறை கடை என்பது ஊரறிந்த செய்தியாகிவிடும். வரி மறுமதிப்பீடு வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இனிக்க இனிக்கப் பேசிய வீட்டுக்காரர், "லைசென்ஸ் எல்லாம் எதற்குத் தம்பி? பதினைந்து வருடமாக இங்கே சைக்கிள் கடை இருந்தது, யாரும் கேட்டதில்லை" என்பார். வரி கூடிவிடும் என்ற பயம்தான் அதன் உட்பொருள். 2025-இல் மதுரையில் சொத்து வரியைக் குறைத்துப் போட்ட முறைகேடு வெளிவந்து கைதுகள் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். வணிகக் கட்டடத்துக்குக் குடியிருப்பு வரி என்பதை இனி யாரும் கண்டும் காணாமல் விடுவார்கள் என்று எண்ணிக் கடை போடாதீர்கள். வரி கூடினால் கூடுதல் தொகையை யார் கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வித்தியாசத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நான் சொன்ன பிறகுதான் எனக்குக் கையெழுத்து கிடைத்தது.

நான்காவது, பரப்பளவு. ரசீதில் உள்ள பரப்பும் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதும் பரப்பும் பொருந்த வேண்டும். பின்னால் தகரக் கொட்டகை இறக்கி அதில்தான் அடுப்பு வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்தக் கொட்டகை வரிக் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமக் கட்டணமும் தொழிலின் வகையையும் பரப்பையும் வைத்தே கணக்காகிறது. குறைத்து எழுதினால் மிச்சம் என்று யோசிக்காதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர் கையில் அளவுநாடா இருக்கும்.

3. வாடகை ஒப்பந்தமும் சம்மதக் கடிதமும்

20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய காலம் போய்விட்டது. 2024 மே முதல் ஒப்பந்தங்களுக்கு 200 ரூபாய் முத்திரைத்தாள். 11 மாதத்துக்கு எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, எத்தனை மாதமாக இருந்தாலும், கடையாக இருந்தாலும், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையம் வழியே பதிந்து எண் பெற வேண்டும். பலர் செய்வதில்லை. செய்து வைத்தால் பின்னால் வாடகைத் தகராறு வரும்போது பேச இடம் இருக்கும்.

ஓராண்டுக்கு மேல் எழுதுவதானால் பதிவு கட்டாயம். மொத்த வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகைக்கு 1 சதவீதம் முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் தனி. இயந்திரம், அடுப்பு, ஓடு என்று பெரிய தொகை இறக்கப் போகிறவர்கள் இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். 11 மாதத்தில் "என் மருமகனுக்குக் கடை வேண்டும்" என்று சொன்னால் அத்தனையும் போச்சு.

ஒப்பந்தத்தில் "கடை" என்று மட்டும் எழுதக் கூடாது. "பலகாரம் தயாரித்து விற்பனை செய்ய" என்று தொழிலின் பெயர் வர வேண்டும். தயாரிப்பு என்ற சொல் இல்லாவிட்டால் அடுப்பு வைக்க அனுமதி இல்லை என்று வீட்டுக்காரரே நாளைக்குச் சொல்லலாம். சம்மதக் கடிதத்தைத் தனியாக வாங்குங்கள்: கதவு எண், வரி விதிப்பு எண், உங்கள் பெயர், தொழிலின் பெயர், தேதி, கையெழுத்து. வீட்டுக்காரரின் ஆதார் நகலும் அதோடு. ஒப்பந்தம் எழுதும் அன்றே இதையும் முடித்துவிடுங்கள். முன்பணம் கைமாறிய பிறகு கையெழுத்து மெதுவாகத்தான் நகரும்.

4. உணவுப் பாதுகாப்புப் பதிவு

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2024-இல் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை என்றால் பதிவு மட்டும் போதுமாக இருந்தது; கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதைத் தாண்டினால் உரிமம், ஆண்டுக்கு 2,000 ரூபாயிலிருந்து தொடங்கியது. ஒரே தடவையில் 5 ஆண்டுகள் வரை கட்டிக்கொள்ள முடிந்தது. 500 ரூபாயோடு ஐந்தாண்டுக்கு நிம்மதி என்பதால் நான் அதைத்தான் செய்தேன்.

புகைப்படம், அடையாள அட்டை, கடை முகவரிக்கான ஆதாரம் போதும். விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் பதிவைக் கொடுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 14 இலக்க எண் வரும். அந்த எண்ணைச் சான்றிதழில் மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. பில்லிலும் பொட்டலத்திலும் அச்சிட வேண்டும்.

கவனிக்க வேண்டியது தொழில் வகை. அடுப்பு வைத்துச் சுட்டு, பொட்டலம் கட்டி விற்றால் நீங்கள் தயாரிப்பாளர். உட்கார வைத்துப் பரிமாறினால் உணவகம். வாங்கி விற்றால் சில்லறை வியாபாரி. கணினி மையத்தில் இருக்கும் பையன் அவசரத்தில் சில்லறை வியாபாரி என்பதை அழுத்திவிடுவான். பிறகு திருத்தத்துக்கு மறுபடியும் பணம், மறுபடியும் காத்திருப்பு. திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி நீங்களே படித்துவிட்டுச் சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். தரகரோ கணினி மையமோ தங்கள் எண்ணைப் போட்டுவிட்டால், புதுப்பிக்கும் நேரத்தில் கடவுச்சொல்லுக்காக அவர் வாசலில் நிற்க வேண்டிவரும்.

அடுப்பில் நிற்பவர்களுக்கு மருத்துவத் தகுதிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை. வேலைக்கு எடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

5. உத்யம், தொழில் வரி, ஜிஎஸ்டி

சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. ஆனால் தேடுபொறியில் தேடினால் அரசு முத்திரை போன்ற படத்தோடு தனியார் தளங்கள் வரிசையாக வந்து பணம் கேட்கும். முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்கு உரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; கடவு எண் அதற்குத்தான் வரும்.

தொழில் வரியும் தொழில் உரிமமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மாநகராட்சிதான் வாங்குகிறது என்பதால் ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதும் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தொழில் வரி உங்கள் அரையாண்டு வருமானத்தின் மீது போடுவது. 21,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, எவ்வளவு சம்பாதித்தாலும் அரையாண்டுக்கு 1,250 ரூபாயைத் தாண்டாது. அந்த ரசீது கையில் இருந்தாலும் உரிமத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ஜிஎஸ்டி: பொருள் விற்பனை மட்டும் என்றால் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை, மேசை போட்டுப் பரிமாறும் உணவகம் சேவைக் கணக்கில் வருவதால் 20 லட்சம். சிறு கடைக்கு முதல் நாளே ஜிஎஸ்டி எடுக்கச் சொல்லும் கணக்கர்களிடம் காரணம் கேளுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் எடுத்துவிட்டால் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

6. மின் இணைப்பும் சிலிண்டரும்

மின்சார அட்டையில் விகிதப்பட்டி என்ன என்று பாருங்கள். 1ஏ என்றால் வீட்டு இணைப்பு; 5 என்றால் வணிகம். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால், பறக்கும் படை வந்த அன்று அபராதம் இணைப்பின் பெயரில் வரும், அதாவது வீட்டுக்காரர் பெயரில். அவர் உங்களைத்தான் பார்ப்பார். ஒரே மீட்டரில் வீடும் கடையும் ஓடினால் கடைக்குத் தனி இணைப்பு கேளுங்கள். மாவரைக்கும் இயந்திரம், மிக்சி, குளிர்பெட்டி எல்லாம் சேர்த்து எத்தனை கிலோவாட் என்று கணக்கிட்டு விண்ணப்பியுங்கள். இயந்திரத்தின் குதிரைத்திறனைத் தொழில் உரிம விண்ணப்பத்திலும் கேட்பார்கள்.

சிலிண்டர், 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடை அடுப்பில் மாட்டுவது சட்டப்படி குற்றம். ஆய்வு அன்று மட்டும் வணிக சிலிண்டரை இரவல் வாங்கி வைத்துவிட்டு மறுநாள் மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் இடத்தில் அந்தச் சாமர்த்தியம் வேண்டாம்.

7. விண்ணப்பம்

இவ்வளவும் கையில் இருந்தால், பழைய ஆட்கள் 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்று சொல்லும் அந்தத் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். சொத்து வரி கட்டுகிற அதே அர்பன் இபே தளத்தில் தொழில் உரிமத்துக்கும் பகுதி இருக்கிறது. கைபேசி எண்ணைப் பதிந்து உள்ளே போய், மதுரை மாநகராட்சியைத் தேர்ந்து, தொழிலின் வகையைத் தேர வேண்டும்.

நான் சேர்த்து வைத்துக்கொண்டவை: ஆதார், பான், புகைப்படம், நடப்பு அரையாண்டுச் சொத்து வரி ரசீது, தண்ணீர்க் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரர் சம்மதக் கடிதம், மின்கட்டண ரசீது, உணவுப் பாதுகாப்புப் பதிவு, தொழில் வரி ரசீது, கடையின் முன்பக்கமும் உட்பக்கமும் எடுத்த படங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக, தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் எடுத்த நிழல் விழுந்த படத்தை ஏற்றினால், பல நாள் கழித்து "ஆவணம் தெளிவில்லை" என்று ஒற்றை வரியில் திரும்பி வரும். இரவு பத்து மணிக்கு மேலோ காலை ஆறு மணிக்கோ ஏற்றிப் பாருங்கள். தளம் வேகமாக இருக்கும்.

பணம் கட்டும்போது வங்கியில் கழிந்து, தளத்தில் ரசீது வராமல் போவது உண்டு. உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். ஒரு நாள் பொறுத்துப் பணம் கட்டிய விவரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வங்கிக் கணக்குத் தாளின் நகலோடு மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை அச்செடுத்துக் கடையில் வையுங்கள். உரிமம் வரும்வரை யாராவது வந்து கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். ஆனால் அதுவே உரிமம் ஆகிவிடாது.

தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. படிவம் நிரப்பித் தருவதற்கு நியாயமான கூலி கேட்கிறவர் வேறு; "உள்ளே கொடுக்க வேண்டும்" என்று ஒரு மொத்தத் தொகை சொல்கிறவர் வேறு. என்னிடம் ஒருவர் கேட்ட தொகையில் அரசுக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். அரசுக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பெயரில் ரசீது வரும். ரசீது இல்லாத தொகை யாருக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

8. ஆய்வு

மாநகர் நல அலுவலரின் கீழ் உள்ள சுகாதார ஆய்வாளர் கடையைப் பார்க்க வருவார். அவர் வரும்போது கடை பூட்டியிருந்தால் அடுத்த முறை எப்போது என்பது அவர் வேலைப் பளுவைப் பொறுத்தது. கைபேசி எண்ணை ஷட்டரில் எழுதி ஒட்டுங்கள்.

அவர் கண் எங்கே போகும் என்று சொல்கிறேன். முதலில் தரை; தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் ஓடுகிறதா. அடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் எங்கே முடிகிறது. குழாயின் வாயில் எலி நுழையாதபடி கம்பி வலை இருக்க வேண்டும். என் கடையில் அது இல்லை. ஹார்டுவேர் கடையில் வட்டமாக வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் வலை ஒன்று அந்தக் கேள்வியை முடித்தது. பிறகு அடுப்புக்கு மேல் புகை போக வழி, அடுப்பையொட்டிய சுவரில் கழுவக்கூடிய ஓடு, மூடி போட்ட குடிநீர்த் தொட்டி, மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனிக் கூடை, தீயணைப்பான். பொட்டலம் கட்ட வைத்திருக்கும் பொருளையும் பார்ப்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. செய்தித்தாளில் உணவு மடிப்பதும் கூடாது; அச்சு மை எண்ணெயில் கரைந்து பலகாரத்தில் ஏறும். வாழை இலையும் மந்தாரை இலையும் இருக்கிற ஊரில் இதற்காகத் திண்டாட வேண்டியதில்லை.

வெளியே வந்தால் படி. மதுரையில் பாதிக் கடைகளின் படி சாக்கடை மேல்தான் நிற்கிறது. உரிமம் கட்டடத்துக்குள் இருக்கும் இடத்துக்கு மட்டும். அடுப்பை வாசலில் நடைபாதையில் வைத்து வடை போட்டால் வாசனைக்குக் கூட்டம் வரும் என்பது உண்மைதான்; கூடவே ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டியும் வரும். அண்டைவீட்டார் புகார் கொடுக்கக் காரணமும் பெரும்பாலும் புகையும் கழிவுநீரும்தான். விண்ணப்பிப்பதற்கு முன்பே மேல்மாடிக்காரர்களிடம் ஒரு வார்த்தை பேசிவையுங்கள். புகைபோக்கியின் வாய் அவர்கள் ஜன்னலைப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வில் குறை சொன்னால் எழுத்தில் கேளுங்கள். சரிசெய்ததும் படம் எடுத்து, கடிதத்தோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். எதுவும் நகராமல் கிடந்தால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் பதியலாம். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

9. உரிமத்தோடு சேர்த்து முடிக்க வேண்டியவை

மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் முத்திரையிட வேண்டும். தராசின் அடியில் இருக்கும் முத்திரையில் ஆண்டும், எந்தக் காலாண்டு என்பதற்கான ஏ, பி, சி, டி எழுத்தும் இருக்கும். பழைய தராசு வாங்குகிறவர்கள் அந்த எழுத்தைத் திருப்பிப் பாருங்கள். முத்திரைச் சான்றிதழை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

முன்கூட்டியே பொட்டலம் கட்டி விற்றால் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் அதன்மேல் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கொடுப்பதற்கு இது இல்லை.

பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது அரசாணை விகிதம். பலகை எழுதுகிறவர் ஆங்கிலத்தைப் பெரிதாகப் போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்பார். மறுபடியும் எழுதும் செலவு உங்களுடையது.

10. எப்போது விண்ணப்பிப்பது, எப்போது புதுப்பிப்பது

மார்ச் மாதம் வரி வசூல் நெருக்கடி. வருவாய்ப் பிரிவில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. சித்திரைத் திருவிழா நாட்களில் சுகாதாரப் பிரிவு மொத்தமும் மாசி வீதிகளிலும் வைகை ஆற்றுக்குள்ளும் நிற்கும். அழகர் மலைக்குத் திரும்பும் வரை உங்கள் கடைக்கு ஆய்வாளர் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். தீபாவளிக்குக் கடை திறக்க வேண்டும் என்று ஐப்பசியில் ஓடுகிறவர்கள் கடைசி வரிசையில்தான் நிற்பார்கள். ஆடியில் தொடங்குங்கள். ஆடியில் கடை திறக்க மாட்டோம் என்பவர்களும் காகிதம் சேர்க்கலாம். அதற்கு நாள் நட்சத்திரம் கிடையாது.

வாடகைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் போடுங்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து வாடகை ஓடும். உரிமம் அதன் வேகத்தில்தான் வரும். அந்த இடைக்காலத்துக்குக் குறைந்தது இரண்டு மாத வாடகையை வியாபாரம் இல்லாமலே கட்டத் தயாராக இருங்கள். ஓடு பதிப்பது, மின் இணைப்பு மாற்றுவது எல்லாவற்றையும் அந்த நாட்களில் முடித்துக்கொள்ளலாம். வாடகை கடை திறந்த நாளிலிருந்துதான் என்று பேச முடிந்தவர்கள் பேசிப் பாருங்கள். ஷட்டர் வெகுநாளாக மூடிக் கிடக்கும் கட்டடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

உரிமம் வந்ததும் பெயர், கதவு எண், தொழிலின் வகை மூன்றையும் அன்றே படித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். நடப்புக் கணக்கு திறக்கும்போது வங்கி அந்த ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்பும். மூலத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி, நகலை வீட்டில் வையுங்கள். காலாவதி தேதி உரிமத்திலேயே இருக்கும். பெரும்பாலும் நிதியாண்டு முடியும் மார்ச் 31. பிப்ரவரி முதல் வாரத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். அப்போதும் சொத்து வரி நிலுவை இல்லாமல் இருக்க வேண்டும். எனவே அக்டோபரில் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுக்கும்போதே, "இரண்டாம் அரையாண்டு வரி கட்டிவிட்டீர்களா?" என்று கேட்டு ரசீதின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.